கல்லடிப் பூச்சியும் காப்பர் ஒயரும்: டிரவுட்டுக்கு நிம்ஃப் கட்டப் பழகுதல்

நீலகிரியில் டிரவுட் என்ற குளிர்நீர் மீனுக்குத் தூண்டில் போட ஆசைப்படுகிறவர் பெரும்பாலும் முதலில் ஆன்லைனில் வாங்குவது, இறகும் சிறகும் வைத்து மினுமினுக்கிற ஃப்ளை, அதாவது போலிப்பூச்சி, பாக்கெட்டைத்தான். பார்க்க அழகாக இருக்கும். ஓடையில் போட்டால் மேலாக மிதந்து போகும். மீன் அடியில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். டிரவுட் தின்பதில் பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில்தான். மேலே விழுகிற பூச்சியை எழும்பிப் பிடிக்கும்போது மட்டும் வளையம் வளையமாகத் தண்ணீர் அலைவதால் நாம் அதையே பேசுகிறோம். கல்லிடுக்கில் நடக்கிற சாப்பாடு யார் கண்ணிலும் படுவதில்லை.

அந்தக் கல்லிடுக்குச் சாப்பாட்டுக்குப் பொருத்தமாகக் கட்டுவதுதான் நிம்ஃப். இதைக் கட்டக் கடல் கடந்து சாமான் வரவழைக்க வேண்டியதில்லை. முள் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஊட்டியிலோ கோத்தகிரியிலோ ஒரு சுற்றுச் சுற்றினால் கிடைத்துவிடும். கை நடுங்காதவர்தான் கட்ட முடியும் என்பதும் இல்லை. இங்கே சொல்லப்போகிற முதல் நிம்ஃபுக்கு வேண்டியது இரண்டே பொருள்: கொஞ்சம் இறகு, கொஞ்சம் காப்பர் ஒயர்.

முதலில் அடிப்படை. மண்புழுவையோ மாவையோ முள்ளில் கோத்துப் போடுவது நமக்கெல்லாம் தெரிந்த தூண்டில். ஃப்ளை என்பது இரை இல்லாத முள். அதன் தண்டில் இறகு, நூல், கம்பளி, கம்பி எதையாவது சுற்றி, மீன் தின்கிற பூச்சியின் சாயலை வரவழைத்திருப்பார்கள். தண்ணீருக்கு மேலே மிதக்கக் கட்டியது உலர் ஃப்ளை. அடியில் மூழ்கி, பூச்சியின் இளம்பருவமாகத் தோன்றக் கட்டியது நிம்ஃப்.

இளம்பருவம் என்றால்? தட்டானை எடுத்துக்கொள்ளுங்கள். சிறகோடு பறப்பது அதன் கடைசிக் கட்டம். அதற்கு முன்னால் பல மாதம் அது குளத்தடியில் ஊர்ந்து திரிகிற, சிறகில்லாத முரட்டு உருவம். டிரவுட் ஓடைகளில் இன்னும் முக்கியமானது மேஃப்ளை. முதிர்ந்து வெளியே வந்த மேஃப்ளைக்குச் சாப்பிட வாய்கூட உருப்படியாக இருக்காது. சில மணி நேரம், மிஞ்சினால் ஓரிரு நாள். இணை சேர்ந்து, முட்டையிட்டு, செத்துப்போகும். ஆனால் அதே பூச்சி, நிம்ஃப் என்றே பெயர் பெற்ற இளம்பருவத்தில், நீருக்கடியில் மாதக்கணக்கில் வாழ்கிறது. மீனுக்கு எது தினசரிச் சோறு, எது எப்போதாவது வரும் விருந்து என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

கல்லைப் புரட்டுங்கள்

கட்ட உட்காருவதற்கு முன்னால் ஓடைக்குப் போய் ஒரு வேலை செய்ய வேண்டும். முழங்கால் ஆழத்துக்கும் குறைவான, நீர் சலசலத்து ஓடுகிற இடத்தில், தேங்காய் அளவு கல் ஒன்றை மெதுவாகத் தூக்கி, அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முதல் நொடியில் வழவழப்பும் பாசியும் மட்டும்தான் தெரியும். கையை ஆட்டாமல் காத்திருந்தால் பாசியில் ஒரு துண்டு நகரும். தட்டையாகக் கல்லோடு ஒட்டிக்கொண்டு, ஆறு காலால் பக்கவாட்டில் விறுவிறுவென ஓடி நிழல் பக்கம் ஒளியும். நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. பின்னால் முடிபோல மெல்லிய வால் மூன்று, சிலவற்றுக்கு இரண்டு. வயிற்றின் இரு ஓரத்திலும் சின்னச் சின்ன இதழ்கள் படபடக்கும், அவைதான் செவுள்கள். முதுகின் முன்பகுதியில் கறுத்த மேடு ஒன்று இருந்தால் அதுவே சிறகு மடிந்திருக்கும் உறை. வெளியேறும் நாள் நெருங்க நெருங்க அந்த உறை கறுத்துக்கொண்டே வரும்.

அதே கல்லில் மணலும் சருகுத் துணுக்கும் ஒட்டிய சிறு குழாய் ஒன்று அசையாமல் இருந்தால், அது கேடிஸ் பூச்சியின் புழு கட்டிய வீடு. டிரவுட் வீட்டோடு சேர்த்தே விழுங்கும். பார்த்து முடித்ததும் கல்லை இருந்த இடத்திலேயே, இருந்த பக்கம் கீழாக வைத்துவிடுங்கள். கவிழ்த்துப் போட்ட கல்லில் அந்தக் குடித்தனம் அத்தனையும் காலியாகிவிடும்.

இப்போது அந்தப் பூச்சியின் உருவத்தை மனதில் வைத்துக்கொண்டு, நாம் கட்டுவதற்கு எதெல்லாம் தேவை என்று யோசிப்போம். கண் வரைய வேண்டுமா? ஆறு கால் வைக்க வேண்டுமா? தேவையில்லை. ஓடும் தண்ணீரில் நிம்ஃப் மீனைக் கடந்து போவது ஓரிரு நொடி. அதற்குள் மீன் பார்ப்பது, இது தினமும் வருகிற அளவில் இருக்கிறதா, வருகிற மாதிரி மெலிசாக இருக்கிறதா, வருகிற ஆழத்தில் வருகிறதா என்பதைத்தான். நிறம் அதற்குப் பிறகுதான். பழுப்பு, ஆலிவ் பச்சை, சாம்பல் இந்த மூன்றுக்குள் எதுவானாலும் பெரும்பாலான நாள் போதும்.

புதிதாகக் கட்டுகிறவர் கையில் எல்லாமே குண்டாகத்தான் வரும். இன்னொரு சுற்று, இன்னொரு இழை என்று போட்டுக்கொண்டே போய், பூச்சி வண்டாகிவிடும். குண்டான நிம்ஃபுக்கு இரண்டு கேடு: பூச்சிச் சாயல் போய்விடுகிறது, பருத்த உடம்பை நீரோட்டம் தூக்கிப் பிடிப்பதால் மூழ்கவும் மாட்டேன் என்கிறது. நிம்ஃப் கட்டுவதில் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை ஒன்றே ஒன்றுதான் என்றால், அது எங்கே நிறுத்துவது என்பது.

இந்த மீன் இங்கே வந்த கதை, சுருக்கமாக

டிரவுட் நம் ஊர் மீன் அல்ல. 1863இல் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர், மீனியல் அறிஞரும்கூட, நீலகிரிக்கு டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார்; பலிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எச்.சி. வில்சன் எடுத்த முயற்சியில்தான் ரெயின்போ டிரவுட் நிலைத்தது. அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது 1907இல். இந்த இனத்தின் பூர்விகம் பசிபிக் பெருங்கடலில் கலக்கிற வட அமெரிக்க ஆறுகள். குளிர்ந்த, ஆக்சிஜன் மிகுந்த தண்ணீர் வேண்டும். சமவெளியில் தாக்குப்பிடிக்காது. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி, முக்குருத்திப் பக்கத்து நீர்களின் குளிர்ச்சி அதற்குத் தோதாகிவிட்டது.

வெள்ளைக்காரர் பொழுதுபோக்குக்காக விட்ட அந்நிய மீன் சோலை ஓடைகளின் சொந்த உயிர்களை என்ன செய்தது என்பது நியாயமான கேள்வி. அது வேறு கட்டுரை. ஆனால் இந்த மலையில் புதிதாக ஒரு ஓடையில் மீன்குஞ்சை விடலாமா என்று யாராவது கேட்டால் என் பதில் கூடாது என்பதுதான்.

சாமான் சேகரிப்பு

முள்: ஃப்ளை கட்டுவதற்கென்றே விற்கும் மெல்லிய முள்தான் வேண்டும். மளிகைக் கடையில் தொங்கும் கெண்டை முள் சரிப்படாது. தடிமன் அதிகம், தண்டு நீளமும் பொருந்தாது. இதை மட்டும் ஆன்லைனில் வாங்கிக்கொள்ளுங்கள். எண் கூடக் கூட முள் சிறிதாகும் என்பதை நினைவில் வையுங்கள். 14ஆம் எண் முள்ளில் ஆரம்பிக்கலாம். கை பழகியதும் 16. கேடிஸ் புழுவுக்கும் பெரிய உருவங்களுக்கும் 12. நுனிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளைச் சின்னக் குறடால் நசுக்கிப் படிய வைத்துவிடுங்கள். மீனைத் திரும்ப விடுவது எளிது. உங்கள் கட்டைவிரலில் ஏறினால் கழற்றுவதும் எளிது. கட்டும்போது அழுத்தத்தில் முறிகிற முள் ஆற்றிலும் முறியும் என்பதால், நசுக்குவதைக் கடைசிக்கு வைக்காமல் முதலிலேயே செய்துவிடுவது நல்லது.

காப்பர் ஒயர்: மோட்டார் ரீவைண்டிங் கடைக்குப் போங்கள். தேயிலைத் தோட்டமும் தண்ணீர் மோட்டாரும் இருக்கிற ஊரில் அந்தக் கடை இல்லாமல் இருக்காது.

“அண்ணே, கொஞ்சம் காப்பர் ஒயர் வேணும்.”

“என்ன கேஜ் தம்பி?”

“முப்பத்தாறு. முப்பத்தெட்டும் கொஞ்சம்.”

“என்ன மோட்டாருக்கு?”

“மோட்டாருக்கு இல்லண்ணே, மீன் பிடிக்க.”

இதற்கு மேல் அவர் உங்களை ஒரு பார்வை பார்ப்பார். பாதகமில்லை. கேஜ் எண்ணும் முள்ளின் எண்ணைப் போலவேதான்: கூடினால் மெலிசு. 36 கேஜ் என்றால் 0.19 மில்லிமீட்டர், 38 கேஜ் 0.15 மில்லிமீட்டர். 14ஆம் எண் முள்ளுக்கு 36 சரியாக இருக்கும், 16க்கு 38. அதைவிட மெலிசான 40 கேஜ் கையில் பட்பட்டென்று அறுந்து ஆரம்பத்திலேயே வெறுப்பேற்றும். ரீவைண்டிங் ஒயரில் எனாமல் பூச்சு இருக்கும். சுரண்ட வேண்டாம். அந்தச் செம்பழுப்பு நிறம் இறகு இழைகளுக்கு இடையில் எட்டிப்பார்ப்பது நமக்கு வேண்டியதுதான். எரிந்துபோன காயிலிலிருந்து உருவிய பழைய ஒயர் கரித்துச் சொரசொரத்திருக்கும். சுருளில் மிஞ்சிய புது ஒயராகக் கேட்டு வாங்குங்கள். பத்து மீட்டர் இருந்தால் ஒரு சீசன் ஓடும்.

இறகு: இந்த நிம்ஃப் பிறந்த இங்கிலாந்தில் இதற்கு ஃபெசன்ட் பறவையின் வால் இறகு. இங்கே வான்கோழி வளர்க்கிறவரிடம் கேட்டால் உதிர்ந்த வால் இறகு கிடைக்கும். பழுப்பில் கறுப்புப் புள்ளி ஓடுகிற இறகாகப் பார்த்து எடுங்கள். நாட்டுக்கோழியின் செம்பழுப்பு வாலிறகும் உதவும். இழை சற்றுக் குட்டை, சீக்கிரம் அறும். கொண்டுவந்த இறகைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, நாப்தலின் உருண்டையோடு டப்பாவில் மூடிவையுங்கள். இறகுப்பேன் அண்டாது.

மயில் இழை: இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உலகத்தில் ஃப்ளை கட்டுகிற எவருடைய பெட்டியைத் திறந்தாலும் மயில் தோகை இருக்கும். தோகைத் தண்டின் இரு பக்கமும் நீளும் ஒற்றை இழையில், பச்சையும் செம்பும் மாறி மாறி மின்னுகிற பொடி மயிர் அடர்ந்திருக்கிறது. தண்ணீரில் நனைந்தாலும் அந்த மினுக்கம் போவதில்லை. அவர்கள் இணையத்தில் விலை கொடுத்து வாங்குவதை, நாம் பழனியில் காவடிக்குக் கட்டப் பார்த்தே வளர்ந்தவர்கள். மயில் தானாக உதிர்த்த தோகையை நாட்டுக்குள் வாங்கி வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. பறவையைத் தொட்டால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும். தோகையை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை இருப்பதால், மயில் இழை வைத்துக் கட்டிய ஃப்ளையை வெளிநாட்டு நண்பருக்குப் பார்சலில் போடும் யோசனை வேண்டாம். சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகுக்கும் ஃப்ளை உலகில் ஒரு காலத்தில் பெரிய கிராக்கி இருந்தது. அரக்குத் துளி வைத்தாற்போன்ற அதன் புள்ளிகளுக்காகவே நம் காட்டுப் பறவைகள் கப்பலேறின. அதுவும் பாதுகாக்கப்பட்ட பறவை. தோட்டத்தில் இறகு கிடந்தாலும் எடுக்காமல் வந்துவிடுங்கள். நிம்ஃபுக்கு அது தேவையும் இல்லை.

முள்ளைப் பிடித்துக்கொள்ள வைஸ் வேண்டும். ஃப்ளைக்கென்றே விற்கும் வைஸ் வாங்கினால் சௌகரியம். காசு போட மனமில்லை என்றால், மருந்துக்கடையில் ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் ஒன்று வாங்கி, அதன் வாயில் முள்ளின் வளைவைக் கவ்வ வைத்து, கைப்பிடியை மேசையின் ஓரத்தில் சி-கிளாம்ப் போட்டு இறுக்கிவிடுங்கள். அதே ஃபோர்செப்ஸ் ஓடையில் மீன் வாயிலிருந்து முள்ளைக் கழற்றவும் ஆகும். கூரான சின்னக் கத்தரிக்கோல் ஒன்று. அதால் ஒயரை வெட்டாதீர்கள். ஒயருக்கு நகவெட்டி இருக்கிறது.

முதல் நிம்ஃப்: இறகும் ஒயரும்

இதைக் கண்டுபிடித்தவர் ஃபிராங்க் சாயர். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றைப் பராமரிக்கும் வேலையில் இருந்தவர். நூலே இல்லாமல் ஒயரை நூலாகவும் எடையாகவும் நிறமாகவும் பயன்படுத்தியதுதான் அவருடைய சாமர்த்தியம். அதற்குப் பிறகு நிம்ஃபில் எத்தனையோ வகை வந்துவிட்டன. ஆரம்பிக்கிறவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை என்பது என் கட்சி.

முள்ளை வைஸில், தண்டு தரைக்கு இணையாக இருக்கும்படி பொருத்துங்கள். காது, அதாவது தூண்டில் நரம்பு கோக்கிற வளையம், வலப்பக்கம் இருக்கட்டும். இடக்கைக்காரர் எல்லாவற்றையும் திருப்பிக்கொள்ளலாம். கைநீளம் ஒயர் வெட்டி, காதுக்குச் சற்றுப் பின்னால் தண்டின் மேல் சாய்வாகப் பிடித்து, ஒயர் தன்மேல் தானே ஏறி அமுங்குமாறு நாலைந்து சுற்று. பிடி விழுந்ததும் மிஞ்சிய முனையை நறுக்கிவிட்டு, சுற்றுக்குச் சுற்று ஒட்டி, வளைவு ஆரம்பிக்கும் இடம்வரை போங்கள். திரும்பவும் முன்னால் வந்து, காதுக்குப் பின்னால் தண்டின் மூன்றில் ஒரு பங்கு நீளத்துக்கு மட்டும் முன்னும் பின்னுமாகச் சில சுற்று. அங்கே ஒரு மேடு எழும். கல்லடியில் பார்த்தோமே, மார்புப் பகுதி, அந்த மேடுதான் இது. காதை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் வெறும் தண்டை விட்டுவைக்க மறக்காதீர்கள். பின்னால் முடிச்சுப் போட இடம் வேண்டும். பிறகு ஒயரை வளைவுக்குக் கொண்டுபோய்த் தொங்கவிடுங்கள்.

இறகிலிருந்து நான்கு இழைகளை, நுனிகள் சமமாக நிற்கும்படி இறகின் தண்டுக்குச் செங்குத்தாக விரித்துப் பிடித்து, ஒரே வெட்டில் எடுங்கள். நுனிகள் வளைவுக்குப் பின்னால் மூன்று, நான்கு மில்லிமீட்டர் நீட்டியிருக்க வைத்து, ஒயரால் இரண்டு சுற்று. அது வால். நீளமாக விட்டால் அழகாக இருப்பது போலத் தோன்றும். வேண்டாம், வாலை மட்டும் கடித்துவிட்டுப் போகும் மீன்.

அடுத்ததுதான் இந்த நிம்ஃபின் உயிர். நான்கு இழைகளையும் தொங்குகிற ஒயரையும் சேர்த்து விரலிடுக்கில் வைத்து, விளக்குத்திரி திரிப்பதுபோல மெதுவாக முறுக்குங்கள். இறுக்கிவிட்டால் இழை பட்டென்று அறும், தளர்ந்தால் ஒயரும் இழையும் பிரியும். நாலைந்து முறுக்கிலேயே இழையின் பொடி மயிர் ஒயரைச் சுற்றிச் சிலிர்த்து நிற்பதைக் காண்பீர்கள். செவுள் படபடத்தது நினைவிருக்கிறதா, தண்ணீரில் இந்தச் சிலிர்ப்புதான் அந்த வேலையைச் செய்கிறது. முறுக்கிய இந்தக் கயிற்றைச் சுற்றுக்குச் சுற்று தொட்டும் தொடாமலும் முன்னோக்கிச் சுற்றிக்கொண்டே வந்து, மேட்டையும் மூடி, காதுக்குப் பின்னால் நிறுத்துங்கள். பின்பக்கம் மெலிந்து முன்பக்கம் பருத்த உடம்பு வந்திருக்கும். ஒயரோடு சேர்த்து முறுக்கியதால் டிரவுட்டின் பல் பட்டாலும் இழை எளிதில் அறாது.

இப்போது ஒயரையும் இழைகளையும் பிரியுங்கள். ஒயரால் ஒரு சுற்றுப் போட்டு இழைகளைக் காதருகே கட்டுங்கள். ஒயரை மேட்டின் மேலாகவே பின்பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். இழைகளை மேட்டின் முதுகின் மேல் பின்னோக்கி மடித்து, மேட்டுக்குப் பின்னால் ஒயரால் ஒரு கட்டு. ஒயரை முன்னால் கொண்டுவந்து, இழைகளை மறுபடி முன்னோக்கி மடித்து, காதருகே இரண்டு கட்டு. முதுகில் மடிந்து மடிந்து கறுத்துத் தெரிவதுதான் சிறகுறை. மிச்ச இழையை நறுக்கி, ஒயரால் இரண்டு அரைமுடிச்சு. நகவெட்டியால் வெட்டி, முனையை நகத்தால் அமுக்கி மடக்கிவிடுங்கள். நீட்டிக்கொண்டிருந்தால் நரம்பை அறுக்கும்.

காதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓட்டை மறையாமல் தெரிய வேண்டும். மலையில் குளிரில் விறைத்த விரலோடு, அடைபட்ட காதில் நரம்பு கோக்க முயல்வது இருக்கிறதே, வாயில் நல்ல வார்த்தை வராது.

கம்பளி நிம்ஃப்

மேலே சொன்னது முறுக்கில் சொதப்பினால் இதைக் கட்டுங்கள். இதுவும் சாயருடையதுதான். அவர் ஆற்றில் டிரவுட்டோடு போட்டி போட்ட கிரேலிங் என்ற மீனைக் குறைப்பதற்காகக் கட்டியது. ஒயரை அடியில் சுற்றி, மேலே காலுறை தைக்கிற பழுப்புக் கம்பளி நூலைச் சுற்றி, ஒயரால் கட்டி முடித்தார். அவ்வளவுதான். வால் இல்லை, சிறகுறை இல்லை. அவர் பயன்படுத்திய சாட்விக் 477 என்ற நூல் உற்பத்தி நின்றுபோய் வெகுகாலமாகிறது. பழைய அட்டை ஒன்று கிடைத்தால் கொள்ளைக் காசு கொடுத்து வாங்குகிற பித்தர்கள் அங்கே இருக்கிறார்கள். ஊட்டியில் ஸ்வெட்டர் பின்னாத தெரு உண்டா? வீட்டில் மிஞ்சிய உல்லன் நூலில் பிசிர் உள்ள சாம்பல்பழுப்பாக ஒரு துண்டு எடுங்கள். அக்ரிலிக் நூலாக இருந்தால் தண்ணீர் குடிக்காது, நிறமும் மாறாது. அசல் ஆட்டுக் கம்பளி நனைந்ததும் ஒரு சாயல் இருண்டு, பாதி ஊடுருவித் தெரியும். எரித்துப் பாருங்கள்: முடி தீய்ந்த வாடை வந்தால் கம்பளி, பிளாஸ்டிக் வாடை வந்தால் அக்ரிலிக். நூல் தடிமனாக இருக்கும். அதில் ஒரு புரியை மட்டும் பிரித்தெடுத்துச் சுற்றுங்கள். முழு நூலைச் சுற்றினால் நாம் பேசிய வண்டு தயார்.

ஆட்டுக்கு நீலகிரியில் பஞ்சமில்லை. மெல்லிய ரோமத்துக்குப் பேர்போன நீலகிரி ஆட்டினமும், அதைக் கலந்து சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கிய சாண்டினோ இனமும் இந்த மலையுடையவை. முள்வேலியில் சிக்கிய ரோமத்தைப் பிய்த்துக்கொண்டுவந்து, மெழுகு தடவிய நூலில் மெல்லிய திரியாக ஏற்றியும் உடம்பு கட்டலாம். அது கையில் வர நாளாகும்.

மணித்தலை

ஓடை வேகமாக ஓடும் நாளுக்கு ஒயரின் எடை போதாது. அப்போது துளையிட்ட மணி ஒன்றை முள்ளில் கோத்துத் தலையாக வைப்பார்கள். பித்தளை மணி மலிவு. டங்ஸ்டன் மணி அதே அளவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை. 14ஆம் எண் முள்ளுக்கு இரண்டரை மில்லிமீட்டர் மணி பொருந்தும். மணியின் ஒரு பக்கத் துளை சிறிதாகவும் மறுபக்கம் அகலமாகவும் இருக்கும். சிறு துளை காதைப் பார்க்கும்படி, முள்ளின் நுனி வழியாக ஏற்றுங்கள். எதிர்முள்ளை முன்பே நசுக்கியிருந்தால் தடங்கலின்றிப் போகும். மணியின் பின்னால் ஒயரைச் சுற்றி நெருக்கி நிறுத்திவிட்டு, மூன்று மயில் இழைகளை ஒயரோடு சேர்த்து முறுக்கி, வளைவிலிருந்து மணிவரை சுற்றி முடியுங்கள். வால்கூட வேண்டாம். மயில் இழையை ஒயர் இல்லாமல் தனியாகச் சுற்றினால் முதல் மீனோடு பிய்ந்துவிடும். எடைக்காக ஈயம் சுற்றுகிற பழக்கமும் உண்டு. ஈயம் நஞ்சு. குடிநீராக ஓடும் சோலைத் தண்ணீரில் அதைத் தொலைத்துவிட்டு வர எனக்குச் சம்மதமில்லை.

பிடிபடும் மீன் குறைவாக இருந்தால் நிறத்தை மாற்றாதீர்கள், எடையை மாற்றுங்கள். பழகியவர்கள் பெட்டியில் ஒரே நிம்ஃபை மூன்று எடையில் கட்டி வைத்திருப்பார்கள்: வெறும் ஒயர், பித்தளை மணி, டங்ஸ்டன் மணி. நிம்ஃப் அவ்வப்போது தரைக் கல்லைத் தட்டிக்கொண்டு வந்தால் எடை சரி. ஒருமுறைகூடத் தட்டவில்லை என்றால் மீனின் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது. எறியும்போதெல்லாம் சிக்கினால் எடை கூடுதல்.

தண்ணீரில்

நீரோட்டத்துக்கு மேல்பக்கமாக எறிந்து, நரம்பு இழுபடாமல், நிம்ஃப் ஓட்டத்தின் வேகத்திலேயே உருண்டு வரவிடுங்கள். கல்லை விட்டு நழுவிய பூச்சி அப்படித்தான் வரும். நரம்பின் மிதக்கும் பகுதியில் ஒரு கணம் தயக்கமோ பக்கவாட்டில் ஒரு நகர்வோ தெரிந்தால் கோலின் நுனியை லேசாகத் தூக்குங்கள். பாதி தடவை அது கல்லாக இருக்கும். நிம்ஃப் மீன் இருக்குமிடத்தை நெருங்கும் நேரத்தில் நுனியை மெதுவாக உயர்த்தி, அடியிலிருந்து அது எழும்பி நீந்துவதாகக் காட்டுவதும் சாயர் காலத்து உத்திதான். வெளியேற மேலே போகும் பூச்சியை விட்டுவிட மீனுக்கு மனம் வராது. நம் ஓடைகள் குறுகலானவை. இரு கரையிலும் காட்டுப்பூவரசு கவிந்திருக்கும். நீளமாக வீசி எறிய இடமிருக்காது. குட்டைக் கோலும் குட்டை எறியும் போதும். கிளையில் மாட்டிய நிம்ஃபை இழுத்துப் பிடுங்கக் கிளையை ஒடிக்காதீர்கள். நீங்களே கட்டியதுதானே, இன்னொன்று கட்டிக்கொள்ளலாம்.

தென்மேற்குப் பருவமழை அடித்து ஓடை செம்மண் நிறத்தில் ஓடும் வாரங்களில் எதைக் கட்டினாலும் வீண். அப்போது வீட்டில் உட்கார்ந்து கட்டுங்கள். எங்கே போடலாம் என்பதை மீன்வளத் துறையிடம் கேட்டு, அனுமதி பெற்ற பிறகே போங்கள். டிரவுட் இருக்கும் நீர்நிலைகளில் பல காப்புக்காட்டுக்குள் வருகின்றன, அங்கே வனத்துறையின் சொல்தான் சட்டம். முக்குருத்தி தேசியப் பூங்காவுக்குள் தூண்டிலுக்கு இடமே இல்லை. அணைத் தண்ணீர் மின்உற்பத்திக்காகத் திறந்தும் மூடியும் விடப்படுவது என்பதால், அணைக்குக் கீழே ஆற்றுக்குள் இறங்கி நிற்பது எந்த நாளிலும் ஆபத்து.

வீடு திரும்பியதும் நனைந்த நிம்ஃப்களை அப்படியே பெட்டியில் மூடாதீர்கள். ஊட்டி ஈரத்தில் இரண்டே நாளில் முள் துருப்பிடித்து, அந்தத் துரு பக்கத்திலிருப்பவற்றுக்கும் ஏறும். அடுப்படி ஜன்னலோரம் ஒரு ரப்பர் துண்டில் குத்திவைத்து ஓர் இரவு உலரவிடுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஜன்னலோரம் வேண்டாம், பரண் மேல் வையுங்கள்.